பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் காலனிக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் வந்ததா: எந்தப் புத்தகத்தில், எந்தத் தலைப்பில் பார்ப்பது?

மாலைப்பள்ளி கேட்டது:

வணக்கம். மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. பெற்றோர் பெரும்பாலும் கட்டட வேலை, பீடி சுற்றுதல், தோல் ஷாப்பு, நூறு நாள் வேலை என்று போகிறவர்கள். ஆதிதிராவிடர், முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று தரப்பும் உண்டு. பட்ஜெட் வந்த மறுநாள் பேப்பரில் "நலத்திட்டங்களுக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று கொட்டை எழுத்தில் வருகிறது. அதில் இந்தக் குடும்பங்களின் கைக்கு எவ்வளவு வருகிறது என்று அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும்.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். ஆதிதிராவிடர் துணைத் திட்டப் பணம் உண்மையில் எதற்குப் போகிறது, அதை எந்த ஆவணத்தில் பார்ப்பது? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவர் உதவித்தொகை நின்றதே, அதன் கணக்கு என்ன? ஒதுக்கீடும் இருக்கிறது, விண்ணப்பமும் போட்டாயிற்று, ஆனாலும் பணம் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கே சிக்குகிறது? தலைப்பு எண், ஆண்டு, தொகை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

நிதியமைச்சர் உரையை வைத்து எழுத வேண்டாம் தோழர். உரையில் இருப்பது அறிவிப்பு. உங்களுக்கு வேண்டியது துறைவாரி மானியக் கோரிக்கைப் புத்தகம், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் புத்தகம். தமிழ்நாடு நிதித்துறையின் இணையதளத்தில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கு ஒன்று, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறைக்கு ஒன்று. அந்த இரண்டையும் முதலில் இறக்கி வையுங்கள்.

உள்ளே ஒவ்வொரு வரிக்கும் நான்கு தொகை இருக்கும். 2025-26 புத்தகம் என்றால் 2023-24 கணக்கு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு (அதே ஆண்டு போகப் போக மாற்றிப் போட்ட தொகை), 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. பேப்பரில் கொட்டை எழுத்தில் வருவது கடைசித் தொகை. உண்மையில் செலவானது முதல் தொகை, அதாவது இரண்டு வருடம் பழையது. அதனால் ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு "கொடுத்தார்கள், கொடுக்கவில்லை" என்று சொல்லவே முடியாது. 2023-24இல் என்ன சொன்னார்கள் என்பதற்கு அந்த ஆண்டுப் புத்தகத்தின் கடைசித் தொகை, என்ன செலவழித்தார்கள் என்பதற்கு 2025-26 புத்தகத்தின் முதல் தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். துண்டறிக்கைக்கு இந்த ஒரு அட்டவணை போதும்.

நிறையப் பேர் தவறு செய்யும் இடம் அலகு. மாநில மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் தொகை ஆயிரம் ரூபாயில் இருக்கும். 4,32,50 என்று அச்சாகியிருந்தால் அது 4 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம். வெறும் 1 என்று இருந்தால் ஆயிரம் ரூபாய். திட்டத்துக்குக் கணக்குத் தலைப்பைத் திறந்து வைக்கப் போடும் அடையாள ஒதுக்கீடு அது. அறிவிப்பு உரையில் இருக்கும், புத்தகத்தில் 1 இருக்கும். பிறகு துணை மானியக் கோரிக்கையில், அதாவது ஆண்டு நடுவில் அரசு கூடுதலாகக் கேட்கும் நிதியில், பணம் வந்ததா என்று தேட வேண்டும். மத்திய பட்ஜெட் ஆவணங்கள் கோடியில் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

தலைப்பு எண்கள்: 2225 என்பது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலம். அதற்குள் 01 பட்டியல் சாதி, 02 பழங்குடி, 03 பிற்படுத்தப்பட்டோர், 04 சிறுபான்மையினர். அதற்கும் உள்ளே 277 என்றால் கல்வி. உதவித்தொகை, விடுதிச் செலவு இங்கேதான். 4225 என்பது கட்டடம் போன்ற மூலதனச் செலவு, புது விடுதி கட்டுவது அதில் வரும். இவை நேரடித் தலைப்புகள்.

துணைத் திட்டம் மட்டும் வேறு மாதிரி. அது ஒரே துறையில் இருக்காது. பள்ளிக் கல்வி, குடிநீர், வீட்டுவசதி, வேளாண்மை என்று பல துறைகளின் புத்தகங்களுக்குள்ளும் 789 என்ற சிறுதலைப்பில் சிதறிக் கிடக்கும். பழங்குடியினருக்கு 796. பி.டி.எஃப். கோப்பில் இந்த எண்ணைத் தேடினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். மத்திய பட்ஜெட்டில் இவ்வளவு தேட வேண்டாம். செலவு விவர ஆவணத்தில் அறிக்கை 10ஏ பட்டியல் சாதியினருக்கு, 10பி பழங்குடியினருக்கு என்று தொகுத்தே தந்திருப்பார்கள்.

திருத்த மதிப்பீட்டை ஏன் விடக்கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்துக்கு 2022-23 பட்ஜெட்டில் போட்டது 5,020.50 கோடி. அதே ஆண்டின் திருத்த மதிப்பீட்டில் 2,612.66 கோடி. பாதியாகக் குறைந்தது பற்றி எந்தத் தனி அறிவிப்பும் வரத் தேவையில்லை. அடுத்த ஆண்டு ஆவணத்தில் ஒரு எண்ணாக அது உட்கார்ந்திருக்கும். அடுத்த பட்ஜெட் 3,097.60 கோடி. இதைத் திருத்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் "கூடியது" என்று எழுதலாம், பழைய பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் "குறைந்தது" என்று எழுதலாம். இரண்டு தலைப்பும் பேப்பரில் வரும், இரண்டும் கணக்குப்படி சரி. நீங்கள் எதோடு எதை ஒப்பிடுகிறீர்கள் என்று துண்டறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

செங்காந்தள்:

துணைத் திட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன், அது பெரிய விஷயம்.

பழங்குடியினர் துணைத் திட்டம் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1974-75இல் தொடங்கியது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டம் (ஆதிதிராவிடர் துணைத் திட்டத்தின் பழைய பெயர்) 1979-80இல். அடிப்படை எளிது: மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவிலும் குறைந்தது அத்தனை விழுக்காடு அந்த மக்களுக்கென்று ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. எல்லாருக்குமான ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எப்படியும் அவர்களுக்கும் உண்டு. துணைத் திட்டம் அதற்கு மேல். தலைமுறை தலைமுறையாக விட்டுப்போன நிலம், வீடு, படிப்பு, தொழில் முதல் ஆகியவற்றில் இருக்கும் இடைவெளியை அடைப்பதற்கு அது.

நடப்பதை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். முதல் வகை நேரடியாக ஆளுக்கோ குடியிருப்புக்கோ போவது: கல்வி உதவித்தொகை, விடுதி, தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) மானியம், அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் (5 ஆண்டுகளுக்கு 1,000 கோடி என்று 2023-24இல் அறிவித்தது), பழங்குடியினருக்கான தொல்குடித் திட்டம். இந்தப் பயனாளியின் பெயரைக் கேட்டால் துறை சொல்ல முடியும். குடியிருப்பின் பெயரையும் சொல்ல முடியும்.

இரண்டாவது வகை, பொதுத் திட்டத்தில் ஆதிதிராவிடப் பயனாளிகளின் பங்கை 789இல் எழுதுவது. மகளிர் உரிமைத் தொகை இப்படித்தான் வந்தது. மாதம் 1,000 ரூபாய் அந்த அக்காவின் கணக்கில் ஏறுகிறது, அது உண்மை, தேவையும்கூட. ஆனால் பக்கத்துத் தெரு அக்காவுக்கும் அதே 1,000தான் ஏறுகிறது. இடைவெளி அப்படியே நிற்கிறது; துணைத் திட்டக் கணக்கில் மட்டும் செலவு ஏறிவிடுகிறது. இதுபற்றி 2023இல் தேசியப் பட்டியல் இனத்தவர் ஆணையமே மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. கர்நாடகத்திலும் இதே சண்டை: அங்கே ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்குத் துணைத் திட்டத்திலிருந்து 2023-24இல் 11,000 கோடிக்கு மேல் எடுத்தார்கள்.

மூன்றாவது வகைதான் மோசமானது. யாருக்குப் போகிறது என்றே பிரிக்க முடியாத செலவில் ஒரு விழுக்காட்டை வெட்டி 789இல் ஒட்டுவது. சாலை, மின்கட்டமைப்பு, மானியம். மத்திய அரசின் 10ஏ அறிக்கையில் உர மானியத்தின் ஒரு பகுதியும் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகையின் ஒரு பகுதியும் பட்டியல் சாதியினர் வளர்ச்சிக்கான செலவாக நிற்கும். உரமும் கிசானும் நிலம் வைத்திருப்பவருக்கு. நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது ஏறக்குறைய 12 விழுக்காடுதான், 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்வது. அதுவும் துண்டு துண்டாக. கூலிக்கு நாற்று நடும் குடும்பத்துக்கு இந்த வரியால் என்ன வரும்?

துணைத் திட்டத்துக்கான கர்நாடகச் சட்டம் 2013இல் வந்தபோது அதில் 7 (டி) என்று ஒரு பிரிவு இருந்தது. பிரிக்க முடியாத உள்கட்டமைப்புச் செலவில் ஒரு பங்கைத் துணைத் திட்டச் செலவாகக் "கருதிக்கொள்ளலாம்" என்பது அதன் சாரம். பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல்தான் அதை நீக்கினார்கள். ஒரு சட்டம் இருக்கிறது என்பதைவிட அதில் "கருதிக்கொள்ளலாம்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆந்திரம் 2013, கர்நாடகம் 2013, தெலங்கானா 2017 என்று சட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் 2024இல் வந்தது. தெலங்கானாச் சட்டத்தில் செலவழிக்காத தொகையை அடுத்த ஆண்டில் ஈடுகட்ட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. சாதாரணமாக மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கீடு காலாவதி.

உங்கள் துண்டறிக்கையில் 789இல் வரும் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் ஒரே கேள்வி போடுங்கள்: பயனாளியின் ஊரையும் எண்ணிக்கையையும் துறையால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் ஒரு கூட்டல், முடியாது என்றால் இன்னொரு கூட்டல். இரண்டு கூட்டுத்தொகையையும் தனித்தனியாக அச்சிடுங்கள். பெற்றோருக்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை.

இன்னொன்று, கிட்டே இருந்து பார்க்க வேண்டிய எண். ஆதிதிராவிடர் நல விடுதியில் பள்ளி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,000 ஆக இருந்து 2023இல் 1,400 ஆனது. கல்லூரி மாணவருக்கு 1,100 ஆக இருந்து 1,500. 1,400 என்றால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் 66 பைசா. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரு வளர்கிற பிள்ளைக்கு இதற்குள். ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வாங்கினாலே இதில் எவ்வளவு போகும் என்று எந்த அம்மாவும் சொல்லிவிடுவார். படி உயர்ந்த ஆண்டில் 2225-01-277இன் கீழ் விடுதி உணவுக்கான தொகையும் அதே விகிதத்தில் உயர்ந்ததா என்று திருத்த மதிப்பீட்டில் பாருங்கள். உயரவில்லை என்றால் இரண்டே காரணம்: பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விடுதிக் காப்பாளர் கடனில் அரிசி, காய்கறி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வாணியம்பாடி ரோடு:

சிறுபான்மை உதவித்தொகை பற்றி.

மத்திய அரசின் பள்ளிப்படிப்பு உதவித்தொகை 2008இல் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்து வரை மாதம் 100, பத்து மாதத்துக்கு 1,000 ரூபாய். ஆறு முதல் பத்து வரை, வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்குச் சேர்க்கைக் கட்டணம் 500 வரை, கல்விக் கட்டணம் மாதம் 350 வரை, பராமரிப்பு மாதம் 100; எல்லாம் சேர்ந்தால் உச்சபட்சம் ஆண்டுக்கு 5,000. முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு.

2022-23இலிருந்து ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். சொன்ன காரணம், எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டப்படி இலவசம், அதனால் தேவையில்லை என்பது. இந்தக் காரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் தெருப் பிள்ளைகள் அப்படியொரு தனியார் பள்ளியில் படித்தால் அந்தச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 விழுக்காடு இலவச இடம் அவர்களுக்கு அங்கே கிடையாது. உதவித்தொகையும் கிடையாது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகிவிடாது. அந்த 1,000 ரூபாய் செருப்புக்கும் நோட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போய்க்கொண்டிருந்த பணம்.

எண்கள் இவை, எல்லாம் பட்ஜெட் மதிப்பீடு. பள்ளிப்படிப்பு உதவித்தொகை 2022-23இல் 1,425 கோடி, 2023-24இல் 433 கோடி, 2024-25இல் 326.16 கோடி, 2025-26இல் 195.70 கோடி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கானது அதே ஆண்டுகளில் 515, 1,065, 1,145.38, 413.99 கோடி. தொழிற்படிப்புக்கான தகுதி மற்றும் வருவாய் அடிப்படை உதவித்தொகை 365, 44, 33.80, 7.34 கோடி. இந்தக் கடைசி வரிசையைப் பாருங்கள்; ஒரு திட்டத்தை மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்காமலே அது மூடிக்கொண்டுவருவது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப்பும், வெளிநாட்டில் படிக்க வாங்கிய கடனுக்கான வட்டி மானியமும் 2022-23இலேயே நிறுத்தியாகிவிட்டது.

பேசப்படாத இன்னொரு வெட்டு வருமான வரம்பு. பள்ளிப்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2008இல் வைத்தது, அப்படியே நிற்கிறது. மாதம் 8,333 ரூபாய். ஒரு ஆள் நாளைக்கு 500 கூலியில் மாதம் 20 நாள் போனாலே ஆண்டுக்கு 1,20,000, குடும்பம் வெளியே. மேற்படிப்புக்கு 2 இலட்சம், தொழிற்படிப்புக்கு 2.5 இலட்சம். ஒதுக்கீட்டை வெட்டினால் செய்தியாகும். வரம்பை உயர்த்தாமல் விட்டால் விலைவாசியே வெட்டிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு விஷயம் கவனிக்க: 2011 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. முஸ்லிம்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) பட்டியலில் வருகிறார்கள், 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அதற்குத்தான். ஆகவே மத்தியச் சிறுபான்மைத் திட்டத்தில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது 2225-03இல் இருக்கும். ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் ஒரே செலவுக்கு இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது. இரண்டிலும் போட்டு இரண்டும் தள்ளுபடியாவதுண்டு.

மாலைப்பள்ளி:

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரான குடும்பத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் வருவார்கள்? கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் வராமல் நிற்பது ஒதுக்கீடு குறைந்ததாலா, வேறு காரணமா?

செங்காந்தள்:

முதல் கேள்விக்கு. 1950ஆம் ஆண்டு அரசியல் சாசனப் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்துக்கள் மட்டும். 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இல்லை. அதனால் மத்திய அரசின் பட்டியல் சாதி உதவித்தொகை இவர்களுக்கு வராது. தமிழ்நாட்டில் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்று வரும். ஆனால் மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் "கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று தனியே உதவித்தொகை தருகிறது, விடுதியிலும் இடம் உண்டு. சாதிச் சான்றிதழில் அந்த வாசகம் சரியாக இருக்க வேண்டும்; வெறுமனே கிறிஸ்தவர் என்று வாங்கிவிட்டால் இந்த வழி அடைபடும். இந்தக் குடும்பங்களுக்கு மத்திய பட்ஜெட்டில் எந்த வரியும் இல்லை, மாநிலத்தின் நிதி நிலைமை மட்டுமே கணக்கு.

இ-சேவை மையம்:

இரண்டாவது கேள்விக்கு. இரண்டும் காரணம்தான், ஆனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மேலிருந்து தாமதம்: பட்டியல் சாதி மாணவருக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு உதவித்தொகைக்கு முன்பு "உறுதிப் பொறுப்பு" முறை இருந்தது. மாநிலம் ஒரு பெரிய நிலையான தொகையைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் மட்டும் மத்திய அரசு. மாநிலங்கள் திணறின. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 60:40 என்று மாற்றியது. 2025-26 வரைக்கும் சேர்த்து 59,048 கோடி, அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. மாணவர் பார்வையில் முக்கியமான மாற்றம் இது: மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பிறகே மத்திய அரசின் 60 விழுக்காடு மாணவரின் கணக்குக்கு நேரடியாக வரும். மாநிலக் கருவூலத்தில் தாமதமானால் இரண்டும் தாமதம். பாதிப் பணம் வந்து மீதி வராமல் நிற்பதும் இதனால்தான். இரண்டு பங்கும் இரண்டு வழியில் வருகின்றன.

அடியில் சிக்கல்: இதுதான் உங்கள் மையத்தால் சரிசெய்ய முடிந்தது.

பேங்கில் ஆதார் கொடுத்துவிட்டோம் என்பார்கள். கே.ஒய்.சி.க்கு, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்கு, ஆதார் கொடுப்பது வேறு, மானியம் வருவதற்கு ஆதாரைக் கணக்கோடு சீடிங் செய்வது (இணைப்பது) வேறு. இரண்டாவதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. கிளையில் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் பதிவாகும், கடைசியாகச் சீடிங் செய்தது எதுவோ அதுதான். கல்லூரியில் சேரும்போது புதுக் கணக்கு திறந்திருப்பார்கள், பணம் புதுக் கணக்கில் விழுந்திருக்கும், வீட்டில் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் எந்த பேங்க் என்று காட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து கணக்கின் வகை. முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு 1 இலட்சம், மாதம் எடுப்பது 10,000. பொறியியல், நர்சிங் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணத்தோடு சேர்த்து வரும் தொகை இந்த வரம்பில் இடித்துத் திரும்பிப்போகும். முழு ஆவணம் கொடுத்து அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படும் சாதாரணக் கணக்கும் வேண்டாம். வரும் பணத்தில் அபராதம் பிடித்துவிடும். கல்லூரிக் கட்டணமும் இப்போது மாணவர் கணக்குக்கே வந்து, அவர்தான் கல்லூரிக்குக் கட்ட வேண்டும் என்பதால் பிடித்தம் போனால் கட்டணம் துண்டு விழும்.

மூன்றாவது பெயர். எஸ். கார்த்திக், கார்த்திக் எஸ்., கார்த்திக் செல்வம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று. நம் ஊர் முதலெழுத்துப் பழக்கத்துக்கு உதவித்தொகை இணையதள மென்பொருள் ஒத்துவரவில்லை. பதினோராம் வகுப்பு சேரும்போதே ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்பத் திருத்திவிடுவது நல்லது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும் பாடு.

நான்காவது வருமானச் சான்றிதழ். பட்டியல் சாதி மேற்படிப்புக்கு வரம்பு 2.5 இலட்சம். காலாவதியான சான்றிதழை ஏற்றினால் விண்ணப்பம் கல்லூரி மட்டத்திலேயே நிற்கும், குறுஞ்செய்தி வராமலும் போகும். இணையதளத்தில் "கல்லூரி நிலுவை" என்று இருக்கிறதா, "மாவட்ட நிலுவை" என்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

எவ்வளவு வர வேண்டும் என்பதும் துண்டறிக்கையில் இருக்கட்டும். கட்டணம் போக, ஆண்டுப் படி: முதல் பிரிவு, மருத்துவம் பொறியியல் போன்றவை, விடுதியில் இருந்தால் 13,500, வீட்டிலிருந்து போனால் 7,000. இரண்டாம் பிரிவு, டிப்ளமோ முதலான தொழிற்படிப்பு, 9,500 மற்றும் 6,500. மூன்றாம் பிரிவு, சாதாரணப் பட்டப்படிப்பு, 6,000 மற்றும் 3,000. நான்காம் பிரிவு, பதினொன்று, பன்னிரண்டு, ஐ.டி.ஐ., 4,000 மற்றும் 2,500. மாற்றுத்திறனாளி மாணவருக்கு இதில் 10 விழுக்காடு கூடுதல். ஒன்பது, பத்தில் படிக்கும் ஆதிதிராவிடப் பிள்ளைக்கு 3,500, விடுதி என்றால் 7,000. தொகை தெரியாத குடும்பம் 2,500 வர வேண்டிய இடத்தில் 1,500 வந்தால் அதுதான் முழுப்பணம் என்று நினைத்துக்கொள்ளும். 60 விழுக்காடு மட்டும் வந்திருக்கிறது என்பது தெரியவே தெரியாது.

பாலாற்றங்கரை:

எல்லாரும் செலவுப் பக்கமே பேசுகிறோம். வரவுப் பக்கமும் ஒரு பத்தி போடுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. 1,250 ரூபாய் மூட்டைக்கு 62 ரூபாய் 50 பைசா. அதைத் தவிர்க்கத்தான் 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்தது. ஒரே தடவையில் 26 கிலோவுக்குக் கையில் காசு இருப்பவருக்கு வரி இல்லை, 5 கிலோ பை வாங்குகிறவருக்கு வரி. மறுபக்கம், 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி வரவு குறையும் என்று அரசே சொன்னது. மேலே சொன்ன அத்தனை உதவித்தொகையையும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னுரிமை எது என்பது தெரியும்.

மாநிலத்தின் கையும் கட்டுண்டுதான் இருக்கிறது. பகிர்ந்துகொள்ளும் வரித் தொகுப்பில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு, அதில் தமிழ்நாட்டின் பங்கு 15ஆவது நிதிக்குழுப்படி 2025-26 வரை 4.079 விழுக்காடாக இருந்தது. மத்திய அரசு வரிக்கு மேல் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் அந்தத் தொகுப்பிலேயே வராது. கிறிஸ்தவ ஆதிதிராவிடர் உதவித்தொகை போல மாநிலம் தனியாகச் சுமக்கும் திட்டங்களில்தான் முதலில் இறுக்கம் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

கடைசியாக, தகவல் உரிமை மனு எழுதும் முறை. "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1)இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இப்படி எழுதலாம்:

"2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளில் இந்த மாவட்டத்துக்கு மேற்படிப்பு உதவித்தொகைக்காக வந்த நிதி ஒப்பளிப்பு ஆணைகளின் நகல், ஒவ்வொரு ஆணையின் தொகை, தேதி, விண்ணப்பித்த மாணவர், ஏற்கப்பட்டவர், தொகை வரவு வைக்கப்பட்டவர், வங்கியிலிருந்து தொகை திரும்பியவர் எண்ணிக்கை, கல்லூரிவாரியாக, மார்ச் 31 அன்று அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட தொகை, அனுப்பப்பட்ட பயன்பாட்டுச் சான்றிதழ்களின் நகல்."

திரும்பிய எண்ணிக்கை கல்லூரிவாரியாக வந்துவிட்டால் சிக்கல் பேங்கிலா கருவூலத்திலா என்பது அன்றே தெரிந்துவிடும். ஒப்படைத்த தொகை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒதுக்கினோம் என்பதற்கும் கொடுத்தோம் என்பதற்கும் நடுவில் மறைவது அங்கேதான். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று வைத்தால் கட்டணம் இல்லை, அதனால் பெற்றோரில் ஒருவர் பெயரில் போடலாம்.

குடியிருப்பு வேலைகளுக்கு, அதாவது தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், சுடுகாட்டுப் பாதை, கிராம சபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. காலனியில் எந்தெந்த வேலை எந்தத் தலைப்பில் நடந்தது என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு, கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பதிவாகாது.

மனுவை டிசம்பருக்குள் போட்டுவிடுங்கள். பதில் ஜனவரியில் கையில் இருந்தால், வங்கியிலிருந்து திரும்பிய பிள்ளைகளின் கணக்கைச் சரிசெய்து அதே நிதியாண்டுக்குள் மறுபடி பட்டியல் அனுப்ப இரண்டு மாதம் கிடைக்கும்.